தொட்டியில் மிச்சமிருக்கும் தண்ணீர்

“இத்த உப்புத் தண்ணி தொட்டியா மாத்தணும்க்கா” என்றான் கிஷோர்.

நான் அவன் அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். துடைப்பம் கையிலிருந்து நழுவி விழுந்தது என்றெல்லாம் கதை விடமாட்டேன், கையில்தான் இருந்தது. ஆனால் கட்டிலுக்கு அடியில் குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். நிமிர்ந்தால் மறுபடி வாயை மூடிக்கொள்வானோ என்று பயம். என் தம்பி தானாக ஒரு முழுப் பேச்சுப் பேசுவதைக் கேட்க எங்கள் வீட்டில் எந்தெந்தச் சாமிக்கோ காசு முடிந்து வைத்திருந்தோம். ஆடி மாதத்தில் அந்த விபத்து. அதிலிருந்து ‘ம்’, ‘வேணா’, ‘கதவ சாத்து’ இந்த மூன்றைத் தவிர அநேகமாக வேறு எதுவும் அவன் வாயிலிருந்து வரவில்லை. இப்போது மாசி முடியப்போகிறது.

கிஷோரும் அரவிந்தனும் ஐடிஐயில் ஒன்றாகப் படித்து, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒருத்தன் டீ குடித்தால் இன்னொருத்தனுக்கு ஏப்பம் வரும். ஒரு சாயங்காலம் ரிங் ரோட்டில் வண்டி சறுக்கியது. ஓட்டியவன் இவன், பின்னால் உட்கார்ந்திருந்தவன் அவன். இவனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. அரவிந்தன் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டான். ரோட்டில் மணல் கொட்டிக் கிடந்தது, யார் ஓட்டியிருந்தாலும் சறுக்கியிருக்கும் என்று விசாரிக்க வந்த போலீஸ்காரரே சொன்னார். அரவிந்தனின் அம்மா ஞானம்மாள் வந்து, “உம்மேல ஒரு தப்பும் இல்ல நைனா” என்று சாத்திய கதவைப் பார்த்துச் சொல்லிவிட்டு, அந்தக் கதவிலேயே தலையைச் சாய்த்து அழுதுவிட்டுப் போனார்கள். அவன் திறக்கவில்லை. ஒரே ஒரு நாள், நான் பொறுக்க மாட்டாமல் கதவைத் தட்டித் தட்டிக் கத்தியபோது மட்டும் உள்ளிருந்து பதில் வந்தது. “நான் தொட்டது எதுவும் தங்காதுக்கா. என்ன வுட்டுடு.” கதவை உடைத்துப் போய் நாலு அறை அறையலாம் என்று வந்த ஆத்திரம், பாதியிலேயே அழுகையாகிவிட்டது.

டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகாமல் இல்லை. ஆட்டோ வந்து வாசலில் நின்றது. கேட் வரைக்கும் நடந்து வந்தான். ரோட்டைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். அதற்குப் பிறகு கேட்டுப் பக்கமே வரவில்லை. நான் போய் விஷயத்தைச் சொல்லி மாத்திரை வாங்கி வந்தேன். ஆளைப் பார்க்காமல் நான் என்னம்மா செய்ய என்றார் டாக்டர். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அம்மா முனியம்மா தன் வழியில் போனாள். ஆவடியில் ஒரு மெஸ்ஸில் காய் நறுக்குகிறவள், வேலை முடிந்ததும் ஏதாவது ஒரு கோயில் வாசலில் நிற்பாள். கயிறு, விபூதி, எலுமிச்சம்பழம், தாயத்து என்று முந்தானை நிறைய முடிந்துகொண்டு வருவாள். எதையும் அவன் உடம்பில் படவிடமாட்டான். நாளெல்லாம் கட்டிலில் உட்கார்ந்து, எதிரே சுவரோரம் இருக்கும் மூன்றடி மீன் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பான். கொஞ்சம் குப்பி, கொஞ்சம் கறுப்பு மாலி. தான் சாப்பிட மறந்தாலும் அதுகளுக்குத் தீனி போட மறக்கமாட்டான். அந்த ஒரு காரணத்துக்காகவே அந்த மீன்களை நான் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறேன்.

அப்பேர்ப்பட்டவன் உப்புத் தண்ணீர் கேட்கிறான். நான் துடைப்பத்தோடு தெருவில் இறங்கி, நாலு வீடு தள்ளியிருக்கும் என் வீட்டுக்கு ஓடினேன். என் வீட்டுக்காரர் டில்லிபாபு குட்டியானை வண்டி ஓட்டுகிறவர். அன்றைக்கு லோடு இல்லாமல் படுத்திருந்தார்.

“யோவ், எந்திரி. உம்மச்சான் பேசிட்டான்.”

“இன்னா சொன்னான்?”

“கடல் தண்ணி வேணுமாம்.”

அவர் லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, முகம்கூடக் கழுவாமல் போய் அவன் கட்டிலில் உட்கார்ந்தார். “மச்சான், தண்ணிதான? கடலையே இட்டாந்து உங்க ஊட்டாண்ட வுட்டுடறேன். நீ ஆர்டரு போடு” என்றார். கிஷோர் சிரிக்கவில்லை. ஆனால் மாமனைப் பார்த்தான். முகத்தைப் பார்த்துப் பார்த்தான்.

கொளத்தூர் வளர்ப்பு மீன் கடைகளில் விசாரித்துக்கொண்டு வந்து சொல்லும்படி எனக்கு உத்தரவு. முகப்பேரில் மருந்துக் கடையில் பில் போடுகிறவள் நான், சளி மாத்திரைக்கும் சர்க்கரை மாத்திரைக்கும் பதில் சொல்வேன், கடல் மீனுக்கு எங்கே போவேன்? கடைக்காரர் ஒவ்வொரு மிஷினாகக் காட்டி விலை சொல்லச் சொல்ல நான் என் சம்பளத்தை மாசம் மாசமாகக் கழித்துக்கொண்டே வந்தேன். உப்பு மூட்டையே வெளிநாட்டு உப்பாம். “நம்ம ஊர்ல கடல் இல்லையா சார்?” என்று கேட்டேன். வேலையாள் ஒருத்தன் திரும்பி நின்று சிரித்தான். வீட்டுக்கு வந்து, ஆகாதுடா என்று சொல்ல வாயெடுத்தேன். அவன் அதற்குள் போனில் எதையெதையோ பார்த்து வைத்திருந்தான். “மிஷினு வேணாக்கா. இல்லாமயே பண்ணலாம். கொஞ்சம் மெதுவா ஆவும், அவ்ளோதான்” என்றான். மெதுவாக ஆகட்டும், எங்களுக்கு அதுதானே வேண்டும்!

பங்குனி முழுக்க எங்கள் வீட்டில் இதுதான் பேச்சு. குப்பிகளைப் பக்கத்து வீட்டுத் தொட்டிக்குக் கொடுத்தான். பழைய தண்ணீரையும் கல்லையும் அள்ளிப் பின்பக்கம் முருங்கை மரத்தடியில் கொட்டினான். பழவேற்காடு பக்கம் லோடு போகும்போதெல்லாம் இவர் தண்ணீர் கேன்களில் கடலைப் பிடித்து வந்தார். முதல் தடவை சோம்பேறித்தனமாக, படகுகள் நிற்கும் இடத்திலேயே முக்கிக்கொண்டு வந்துவிட்டார். கிஷோர் மூடியைத் திறந்து மோந்து பார்த்து, “டீசலு மாமா” என்று திருப்பிக் கொடுத்தான். இவர் வாயைத் திறக்காமல் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு, மறுபடி போய், இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் பிடித்து வந்தார். எனக்குப் புடவை எடுக்கப் பாரிமுனை வரைக்கும் வர மூக்கால் அழுகிற மனுஷன்!

உப்பின் அளவு பார்க்கும் கருவி வாங்க முடியவில்லை. பால் சொசைட்டியில் இருக்கும் அப்பாவு அண்ணனிடம், பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கிற கண்ணாடிக் குழாய் ஒன்று பழசாகக் கிடந்தது. அதுவே போதும், பாலுக்கும் கடலுக்கும் கோடு கிட்டக்கிட்டத்தான் என்றான் கிஷோர். மணலுக்குப் பதில் கிளிஞ்சலை இடித்துச் சலித்துப் போட்டோம். பிறகு ஒரு இறாலைத் தொட்டியில் போட்டு அழுக விட்டான். அது அழுகி, அதைத் தின்கிற பூச்சி தண்ணீரில் உண்டானால்தான் மீன் பிழைக்குமாம். வீடெல்லாம் நாற்றம். “இன்னாடா இது கண்றாவி, கொயம்புல போட வேண்டியத்த கொண்டாந்து அழுவ வெச்சிகினு” என்று அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு புலம்பினாள். அவன் சிரித்தான். சத்தமில்லாத சிரிப்புத்தான். அம்மா அடுப்படிக்கு ஓடிப்போய்த் தலையில் தலையில் அடித்துக்கொண்டு சந்தோஷத்தில் அழுதாள்.

கறுப்பு மாலிகளை ஒரு வாளியில் வைத்து, தினம் கொஞ்சம் கொஞ்சமாகக் கடல் தண்ணீர் கலந்து பழக்கினான். நன்னீர் மீன் அப்படி உப்புக்கு மாறும் என்று எனக்கு அதுவரை தெரியாது. தண்ணீரைச் சுற்றவைக்கும் பழைய மோட்டார் ஒன்றை இவர் கொண்டுவந்தபோது, கிஷோர் அதைப் பிரித்து, ஓர் ஓரத்தில் செம்புக் கம்பி வெளியே தெரிந்ததைக் காட்டி வேண்டாம் என்றான். “செம்பு மட்டும் ஆவாதுக்கா. நல்ல தண்ணில ஒண்ணும் பண்ணாது, உப்புத் தண்ணில கரையும். ஒரு துண்டு போதும், எல்லாத்தையும் சாவடிச்சிடும்.” என் மோதிரத்தைக்கூட வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் தொட்டியில் கைவைக்க விட்டான். அம்மா அப்போது மெஸ்ஸில் இருந்தாள்.

மாலிகள் தொட்டிக்குள் போயின. இவர் கடற்கரையில் பொறுக்கி வந்த, சங்குக்குள் குடியிருக்கும் குட்டி நண்டுகள் போயின. கடைசியில், நான் மருந்துக் கடையில் முன்பணம் கேட்டு, அதில் வாங்கி வந்த ஆரஞ்சும் வெள்ளையுமான கடல் மீனில் ஒரு ஜோடி. அதைக் கவரோடு தண்ணீரில் மிதக்கவிட்டு, கிஷோர் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான். வெளியே விட்டதும் அவை இரண்டும் கண்ணாடி ஓரம் வந்து, மோட்டார் தள்ளுகிற தண்ணீரில் இடுப்பை ஆட்டிக்கொண்டு நின்றன. அன்று இரவு அவன் கூடத்துக்கு வந்து, தட்டை எடுத்து வைத்துக்கொண்டு, எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டான். யாரும் எதுவும் சொல்லக்கூடாது என்று நான் எல்லோரையும் கண்ணாலேயே மிரட்டினேன். ரசம் போடு என்று அவனே கேட்டான். நான் தூங்கவில்லை. இனி எல்லாம் சரியாகிவிடும், அவன் கேட்டைத் தாண்டுவான், வேலைக்குப் போவான் என்று விடியும்வரை கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். பைத்தியக்காரி.

சித்திரை பிறந்து சில நாள் போயிருக்கும். நண்டு ஒன்று சங்கைவிட்டு வெளியே வந்து மல்லாந்து கிடந்தது. அடுத்த நாள் மற்ற நண்டுகளும். கிஷோர் கேனில் இருந்த கடல் தண்ணீரை மாற்றினான், கண்ணாடிக் குழாயை மிதக்கவிட்டுப் பார்த்தான், கோடு சரியாகத்தான் இருந்தது. ஆரஞ்சு மீன்களில் ஒன்று மூச்சு வாங்கியது. இவர் வந்த லோடை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பழவேற்காட்டுக்குப் போய்ப் புதுத் தண்ணீர் கொண்டுவந்தார். மாற்றினோம். ஒரு நாள் தெளிந்ததுபோல் இருந்தது, பிறகு அதுவும் போயிற்று. மிஞ்சிய மீன் மூலையில் மணலோடு மணலாகப் படுத்துக் கண்ணை மட்டும் அசைத்தது. கொளத்தூர்க் கடைக்காரருக்குப் போன் போட்டேன். தண்ணீரில் ஏதோ கலந்திருக்கிறது, என்னவென்று பார்க்காமல் சொல்ல முடியாது என்றார். மாலிகள்தான் கடைசியாகப் போயின. அவற்றைத்தான் அவன் துளித்துளியாகப் பழக்கியிருந்தான்.

அவன் கத்தவில்லை, அழவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். “சொன்னேன்ல” என்றான். அவ்வளவுதான். மறுபடியும் ‘ம்’, ‘வேணா’, ‘கதவ சாத்து’. அம்மா தட்டை வைத்துக்கொண்டு கதவுக்கு வெளியே உட்கார்ந்திருப்பாள், நான் வேலையிலிருந்து வந்து பார்த்தால் சோறு காய்ந்திருக்கும். இவர் ஒரு நாள் வந்து வேடிக்கையாக ஏதோ பேச ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, எழுந்து போய் வண்டியில் உட்கார்ந்துகொண்டார். எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. மருந்துக் கடையில் ஒரு கிழவரிடம் சில்லறைக்காகக் காட்டுக் கத்தல் கத்திவிட்டு, பிறகு பின்னால் போய் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று அழுதேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் எழுந்தான். தொட்டித் தண்ணீர் நாற ஆரம்பித்திருந்தது. “காலி பண்ணிடலாம்க்கா” என்றான். அந்த ஒரு வார்த்தைக்கே நான் நன்றியோடு ஓடிப்போய் வாளியும் குழாயும் எடுத்து வந்தேன். அவன் குழாயால் தண்ணீரை உறிஞ்சி வாளிக்கு விட்டான். நான் கையைவிட்டு, மணலில் ஒட்டியிருந்த சங்குகளைப் பொறுக்கினேன். ஓர் ஓரத்தில், மோட்டாருக்குப் பின்னால், விரலில் மெல்லிசாக ஏதோ தட்டியது. இழுத்தேன். கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு தகடு. பச்சைப் பச்சையாகக் களிம்பு.

எனக்கு உடனே புரியவில்லை. செம்பு என்று புரிந்தபோது கையை மூடிக்கொண்டேன்.

“இன்னாக்கா அது?” என்றான் கிஷோர்.

அம்மா அப்போதுதான் டீயோடு வந்தாள். என் மூடிய கையைப் பார்த்து, “அய்ய, அத்த ஏண்டி தோண்டற? அது பாட்டுக்குக் கெடக்கட்டும்” என்றாள்.

இப்போது எல்லாம் வெட்டவெளிச்சம். என்னில் பாதி குதித்தது. நீ இல்லடா, நீ இல்லவே இல்ல, உன் கை பட்டு எதுவும் சாகவில்லை, இதோ பார் என்று அவன் சட்டையைப் பிடித்து உலுக்கிச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொல்லிவிட்டால் அவன் பிழைப்பான். மறுபாதி அம்மாவைப் பார்த்தது. டீ டம்ளர் இரண்டையும் பிடித்துக்கொண்டு, ஒரு பாவமும் அறியாமல் நிற்கிறாள். மகனைத் தானே மறுபடி கட்டிலில் தள்ளினோம் என்று தெரிந்தால் இவள் தன்னை என்ன செய்துகொள்வாள்? மெஸ்ஸில் கத்தியைப் பிடிக்கிற கை இது. கடவுளே, என்னை ஏன் இந்த வீட்டில் மூத்தவளாகப் படைத்தாய் என்று நினைத்துக்கொண்டேன்.

கிஷோர் என் விரல்களைப் பிரித்துத் தகட்டை எடுத்தான். கட்டைவிரலால் தேய்த்தான். களிம்புக்கு அடியில் கட்டங்களும், ஏதோ எழுத்துகளும், கீழே அவன் பெயரும் தெரிந்தன.

“எப்போம்மா வெச்ச?”

“குப்பி மீனு இருந்தப்பவே, தை மாசம் கல்லுக்கடியில வெச்சேன் நைனா. மந்திரிச்சது. பூசாரி கைல கட்டச் சொன்னாரு, நீதான் கட்ட வுடமாட்டியே. அவன் கண்ணு எப்பப் பாத்தாலும் எங்க போவுதோ அங்க வெய்யின்னாரு. வெச்சப்புறந்தான நீ வாயத் தொறந்து பேசன?” அவள் முகம் மலர்ந்தது. “நீ கல்ல அள்ளறதுக்கு முந்தி எடுத்து வெச்சிகினேன். புது மீனு வந்தப்புறம், சித்திர ஒண்ணு நல்ல நாளாச்சேன்னு மறுக்கா வெச்சேன்.”

குழாயிலிருந்து தண்ணீர் வாளிக்குள் விழுந்துகொண்டிருந்தது. அம்மா என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். முகம் மாறியது. “ஏன்? அத்தால எதுனா ஆயிடிச்சா?”

“இல்லம்மா” என்றான் கிஷோர். நான் மூச்சுவிடும் முன்னால் சொல்லிவிட்டான். “சூடு. இந்த வெயிலு அதுங்களுக்குத் தாங்கல. நான்தான் ஃபேனு வெச்சிருக்கணும். நான்தான் கவனிக்கல.”

எனக்கு அவனை அடிக்கவேண்டும்போல் இருந்தது. மறுபடியும் நான்தான், நான்தான்! கைக்கு வந்த விடுதலையை வாங்கி அம்மாவின் மடியில் போட்டுவிட்டு நிற்கிறான், முட்டாள். ஆனால் இதைச் சொன்னபோது அவன் சுவரைப் பார்க்கவில்லை, அம்மாவின் கண்ணைப் பார்த்துச் சொன்னான்.

“போவுது வுடு நைனா, வேற வாங்கிக்கலாம்” என்று அம்மா டம்ளர்களை ஒரு கையில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, தகட்டை வாங்கிப் புடவையில் துடைத்தாள்.

“தொட்டில வேணாம்மா. உன்னாண்டயே வெச்சிக்க” என்றான்.

வாளி நிறைந்திருந்தது. அவன் தூக்கிக்கொண்டு குளியலறைப் பக்கம் திரும்பினான். “அங்க ஊத்தாதப்பா, செப்டிக் டேங்கு ரொம்பி வயியுது” என்றாள் அம்மா. பின்பக்கம் திரும்பினான். “அய்யோ, மொருங்கைக்கு வாணாம், உப்பு.” அவன் வாளியோடு ஒரு கணம் நின்றான். பிறகு கூடத்தைத் தாண்டினான். வாசலைத் தாண்டினான். கேட் கிறீச்சிட்டது.

நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். டம்ளரைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல் ஜன்னலுக்கு ஓடினோம். தெருவுக்கு அந்தப் பக்கம் மழைநீர்க் கால்வாய். அவன் செருப்பில்லாமல், கொதிக்கும் தார் ரோட்டைக் கடந்து போய், வாளியைக் கவிழ்த்தான். கவிழ்த்துவிட்டு அங்கேயே நின்றான். முனையிலிருந்து ஒரு பைக் வந்தது. அவன் எதிர்வீட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டான், தோள் இரண்டும் காதுக்கு ஏறிவிட்டன. நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கூப்பிடலாமா, கூடாதா? கூப்பிட்டால் உள்ளே ஓடி வந்து கட்டிலில் விழுவான். கூப்பிடாவிட்டால் அங்கேயே விழுந்துவிடுவான். பைக் போய்விட்டது. அவன் சுவரைவிட்டு மெல்ல நகர்ந்து, இரண்டு பக்கமும் பார்த்து, திரும்பி வந்தான். எங்களைப் பார்க்கவில்லை. வாளியை நிறைத்தான். மறுபடி கேட்.

இந்தத் தடவை அங்கே கொஞ்சம் கூடுதலாக நின்றான். யாரோ பக்கத்து வீட்டுக்காரர் ஏதோ கேட்டார், இவன் தலையை ஆட்டினான். திரும்பி வந்து, மூன்றாவது வாளி. அதையும் தூக்கிக்கொண்டு போனான்.

“இன்னும் எவ்ளோ தண்ணி கீதுடி?” என்று அம்மா கிசுகிசுத்தாள்.

நான் தொட்டியைப் பார்த்தேன். மணலுக்கு மேல் நாலு விரல்.

“ஒரு வாளிக்கு வரும்மா.”

அம்மா ஜன்னலைவிட்டு நகர்ந்தாள். சமையலறைக்குள் போய், காலையில் தண்ணீர் லாரிக்கு வரிசையில் நின்று பிடித்த குடிதண்ணீர்க் குடத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். தொட்டியின் விளிம்பில் குடத்தின் வாயை வைத்து, சத்தம் கேட்காதபடி கண்ணாடி ஓரமாகவே சாய்த்தாள். மணல் லேசாகக் கலங்கித் தண்ணீர் ஏறத் தொடங்கியது.

“நிக்காதடி, இன்னொரு கொடம் கொண்டா” என்றாள். நான் ஓடினேன்.